விட்டுப் பழகிய கை

கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது கண்ணாடி அறுப்பது அல்ல, கண்ணாடியை விடுவது. தூக்கிக்கொண்டு போகும்போது நழுவினால் பிடிக்கப் பார்க்காதே, கையை எடு, பின்னால் குதி. அவ்வளவுதான் பாடம். கண்ணாடி போனால் இன்னொன்று அறுத்துக்கொள்ளலாம், விரல் போனால் எந்தக் கடையிலும் அறுத்துத் தர மாட்டார்கள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் விழுகிற பொருளைப் பார்த்தால் பாய்ந்து பிடிப்பது மனிதக் கையின் பிறவிக் குணம். அந்தக் குணத்தைக் கையிலிருந்து விரட்டுவதற்குள் நாலைந்து பேருக்காவது உள்ளங்கையில் தையல் விழுந்துவிடும்.

நம் கண்ணாடிக்காரன் அதில் கெட்டிக்காரன். சேர்ந்து இத்தனை வருஷத்தில் கையில் ஒரு கீறல் கிடையாது. முதலாளிக்கே கட்டைவிரல் முழுதாக மடங்காது. புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் இவன் கையை இழுத்து விரித்துக் காட்டி, "பாருங்கப்பா, இது வேலைக்காரன் கை மாதிரியா இருக்கு? கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்கு. விடத் தெரிஞ்சவன் கைடா இது" என்பார். இவனும் வெட்கப்படுவதுபோல் நிற்பான். உள்ளுக்குள் பெருமைதான்.

கடையில் பழகியது வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. தொட்டில் பழக்கம் எதுவரைக்கும் வரும் என்று ஒரு பழமொழி உண்டு. இது பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக் கதை, அதை முழுதாகச் சொல்ல வேண்டாம். டம்ளர் நழுவினாலும் சரி, செல்போன் நழுவினாலும் சரி, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் குதிப்பான். பொருள் அதன் பாட்டுக்குப் போய் விழுந்து உடையும். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "என்னங்க, போலீஸா வந்திருக்கு? கையை இறக்குங்க" என்பாள். செல்போன் திரை மாற்றித் தருகிற கடைக்காரர் இவன் தலையைக் கண்டாலே நாற்காலி எடுத்துப் போடுவார்.

குழந்தை பிறக்கும்வரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் ஒரு துணிச் சுருளை ஏந்திக்கொண்டு வந்து, "யாருங்க அப்பா? கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினான். பெண் குழந்தை. கண்ணை இறுக்கிக்கொண்டு, யார்மீதோ கோபமாக இருப்பதுபோல் கிடந்தது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே சுற்றியிருந்த துணியின் முனை தளர்ந்து அவன் மணிக்கட்டில் வழுக்கியது. வழுக்கியது துணிதான், குழந்தை இல்லை. ஆனால் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பத்து விரலும் திறந்துகொண்டன.

கண் இமைக்கிற நேரம்தான். நர்ஸின் கை அடியில் இருந்ததால் குழந்தை நூலளவுகூட இறங்கவில்லை. நர்ஸ் கவனிக்கவில்லை, கட்டிலில் அசந்து கிடந்த மனைவியும் கவனிக்கவில்லை. அவன் மட்டும் கவனித்தான். "சிஸ்டர், நீங்களே வெச்சுக்குங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவின் கடைசிவரைக்கும் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான். கையை விரித்து விரித்துப் பார்த்தான். இத்தனை காலம் சோறு போட்ட கை, இன்றைக்கு யாருடைய கையோ போல இருந்தது.

அன்றைக்குக் கையை விலக்கிக்கொண்டவன்தான், அதற்குப் பிறகு குழந்தையைத் தூக்கவே இல்லை.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. மாமியார் வந்து உடன் இருந்துவிட்டு, தன் வீட்டில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பிப் போய்விட்டாள். பிறகு அவர்கள் மூன்று பேர்தான். மாலையில் அவன் வேலையிலிருந்து வந்ததும் மனைவி குழந்தையை நீட்டுவாள். "சட்டையெல்லாம் கண்ணாடித் தூள், கிட்டக் கொண்டு வராத" என்பான். அது உண்மைதான். குளித்துவிட்டு வருவான். மறுபடியும் நீட்டுவாள். "கை சில்லுன்னு இருக்கு, குழந்தைக்கு ஆகாது." கை காய்ந்த பிறகு, "தூங்குது பாரு, எழுப்ப வேண்டாம்." எழுந்தால், "அழுவுதே, பசியா இருக்கும், உங்கிட்டயே இருக்கட்டும்." ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்களே, அந்தக் கதைதான். மேடை தினமும் ஒரு பக்கம் கோணியது.

ஆனால் மற்ற எதிலும் குறை சொல்ல முடியாது. குழந்தைத் துணியெல்லாம் அவன்தான் அலசுவான், வெயில் பார்த்து உலர்த்துவான், மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பான். சமையல் அவன்தான். கண்ணாடி விளிம்பைத் தேய்க்கிற உப்புத்தாளைக் கடையிலிருந்து கொண்டுவந்து மேசையின் நாலு முனையையும் தேய்த்து மழுக்கினான். இன்னும் தலைகூட நிமிராத குழந்தை அந்த மேசையில் போய் இடித்துக்கொள்வதற்குள் ஒரு வருஷம் ஆகிவிடும், அதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. தொட்டிலின் கொக்கியைக் காலையில் ஒரு தடவை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிறதா என்று குனிந்து காது கொடுத்துக் கேட்பான். அப்போதுகூட இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிவான். உச்சந்தலையில் தோலுக்கு அடியில் ஏதோ துடிப்பதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவ்வளவு மெல்லிசாகவா ஒரு ஆளைச் செய்து அனுப்புவார்கள் என்று அவனுக்குக் கோபமே வந்தது.

ஏன் மனைவியிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம். என்னவென்று சொல்வான்? "என் கையை நம்பாதே, அது நம்ம குழந்தையைக் கீழே விட்டுடும்" என்றா? வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தான். சொன்ன பிறகு அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாளா? தூங்குகிறபோதும் ஒரு கண்ணை அவன்மேல் வைத்திருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவனுக்குத் தன் பத்து விரலும் பேயாகத் தெரிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "என்னங்க, கொஞ்சம் பிடிங்க, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றாள். அவன் ஓடினான். குழந்தையிடம் இல்லை, உள்ளறைக்கு. பாயை விரித்தான், அதன்மேல் போர்வையை விரித்தான், நாலு பக்கமும் தலையணை அடுக்கினான். "இதுல படுக்க வை, நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கறேன்" என்றான். அவள் தலையணைக் கோட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலை வாரி எத்தனை நாளோ.

"நாலு வேலைக்காரங்க செய்யற வேலையை ஒத்தை ஆளா செய்யறீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு வேலைக்காரன் வேண்டாங்க. இதுக்கு ஒரு அப்பா வேணும்."

"நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

"ஓடிப் போயிருந்தா ஆள் இல்லைன்னு மனசைத் தேத்திக்கலாம். நீங்க இங்கேயே இருந்துக்கிட்டுத் தொட மாட்டேங்கறீங்க. இதை உங்களுக்குப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கிட்டா நானும் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்துக்குவேன்."

அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது. அவள் குழந்தையோடுதான் பாத்ரூமுக்குப் போனாள். கதவு சாத்திய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவன் நாலு தலையணைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் அழாமல் கேட்டதுதான் அவனை அறுத்தது.

மறுநாள் வேலைக்குப் போகும்போது பையில் குழந்தையின் மஞ்சள் துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டான்.

ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டவைக்கிற பட்டி என்று ஒன்று உண்டு. பிசைந்த மாவு மாதிரி இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு, கடையின் பின்கட்டில் பட்டியைத் தராசில் வைத்து, குழந்தையின் எடைக்குச் சரியாக எடுத்தான். உருட்டி, தலைக்கு ஒரு உருண்டை தனியாக வைத்து, மஞ்சள் துண்டில் சுற்றினான். கீழே அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினான். துண்டுச் சுருளை நெஞ்சுக்கு நேராக ஏந்தி, கையை மெல்லத் தளர்த்தி நழுவவிட்டான். பிடிக்க வேண்டும் என்று மனசு கத்தியது. கை தோளுக்கு மேலே போயிருந்தது, கால் ஓரடி பின்னால் இருந்தது. அட்டைமேல் பொத்தென்று விழுந்தது.

அந்தச் சத்தத்தில் அவனுக்கு வியர்த்துவிட்டது. மறுபடி எடுத்தான், மறுபடி நழுவவிட்டான், மறுபடியும் பொத்.

நெட்டை உள்ளே வந்தது அப்போதுதான். நெட்டை என்பது அவனோடு ஜோடி சேர்ந்து கண்ணாடி தூக்குகிறவன், கடையின் நிலைப்படியில் குனிந்துதான் வருவான். அவன் கண்ணில் பட்டது மஞ்சள் துண்டும், அதிலிருந்து எட்டிப் பார்த்த உருண்டைத் தலையும், அது கீழே போனதும், இவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதும்தான். "அடப் பாவி!" என்று அலறினான். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டேய், பட்டிடா! பட்டி!" என்று இவன் ஓடிப்போய்ச் சுருளைப் பிரித்துக் காட்டினான்.

நெட்டைக்குப் போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. தண்ணீர் குடித்துவிட்டு முதலில் நாலு திட்டு திட்டினான். பிறகு, "என்னடா கிறுக்குத்தனம் இது?" என்று கேட்டான். யாரிடமும் சொல்லாததை இவன் அவனிடம் சொன்னான். ஆஸ்பத்திரி, துணி முனை, திறந்துகொண்ட விரல், எல்லாம்.

"நான் மூணு பெத்து வளர்த்திருக்கேன்" என்றான் நெட்டை. "மூணையும் இதே கையாலதான் தூக்கினேன். ஒண்ணாவது விழுந்துச்சா? கைக்குத் தெரியும்டா, எது கண்ணாடி எது பிள்ளைன்னு."

"உன் கைக்குத் தெரியும். என் கைக்குத் தெரியலையே. நானே பார்த்தேன்."

நெட்டை அவனை ஏற இறங்கப் பார்த்தான். தாடையைச் சொறிந்தான். பிறகு எழுந்து, பட்டிச் சுருளை எடுத்துச் சரியாகச் சுற்றினான். "நீயே விட்டு நீயே பிடிச்சா எப்படி வரும்? எப்ப நழுவப் போகுதுன்னு உனக்கே தெரியுமே. தள்ளி நில்லு. நான் போடறேன், நீ பிடி" என்றான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நெட்டையின் கொள்கை. நின்றபடி போடுவான், நடந்தபடி போடுவான், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது "இந்தா!" என்று கதவுப்பக்கத்திலிருந்து போடுவான். முதலில் பொத், பொத் என்று அட்டைதான் வாங்கிக்கொண்டது. பிறகு ஒரு நாள் கை மேலே போகாமல் பாதியில் நின்றது. இன்னொரு நாள் விரல் நுனியில் பட்டு நழுவியது. அதற்கடுத்து ஒரு நாள் சுருள் வந்து நெஞ்சில் மோத, இரண்டு கையும் அதைக் கட்டிக்கொண்டிருப்பதை அவனே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இரண்டு பேரும் கடைக்குள் குதித்த குதியில் முதலாளி எட்டிப் பார்த்து, "என்னப்பா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார்.

அதற்குப் பிறகு தவறவே இல்லை. எந்தப் பக்கம் போட்டாலும் பிடித்தான். முதுகைக் காட்டி நின்றாலும் திரும்பிப் பிடித்தான். பிடிப்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. "இன்னிக்கு சாயங்காலம் போய்த் தூக்கிடறேன்டா" என்றான். நெட்டை அவன் முதுகில் தட்டி, பட்டிச் சுருளைப் பிரித்துப் பட்டியை டப்பாவில் போட்டு மூடினான். துண்டை உதறி மடித்துக் கொடுத்தான். இரண்டு பேரும் கண்ணாடித் தொழிலில் ஊறிய ஆட்கள். தாங்கள் இத்தனை நாளாக என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று இரண்டு தலைக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. முந்தின சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது மனைவியும் குழந்தையும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு நாள் என்று எழுப்பாமல் விட்டுவிட்டான். காலையில் ஒரு துணிக்கடையில் அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி மாட்ட வேண்டியிருந்தது. அளவு பார்த்து, தூக்கி நிறுத்தி, ஓரத்தில் பசை தடவுவதற்காக இரண்டு பேரும் கையுறையைக் கழற்றியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சட்டத்துக்குள் ஏற்றும்போது நெட்டையின் பக்கம் பசையில் வழுக்கியது. நெட்டை செய்ய வேண்டியதைச் செய்தான். கையை எடுத்தான், பின்னால் குதித்தான், "விட்டுடு!" என்று கத்தினான்.

இவன் பிடித்தான்.

பாய்ந்து, குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, அழகாகப் பிடித்தான். கண்ணாடி உடையவில்லை. அந்தக் கடை முதலாளிகூட முதலில் கை தட்டப் போனார். பிறகுதான் கண்ணாடியின் ஓரமாகச் சிவப்பு இறங்குவதைப் பார்த்தார். நெட்டை ஓடிவந்து கண்ணாடியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, துணிக்கடைத் துணியையே இழுத்து அவன் இரண்டு கையிலும் சுற்றினான்.

மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் நெட்டைதான் அழுதான். "நான்தானேடா உனக்குப் பிடிக்கக் கத்துக் கொடுத்தேன். என் புத்தியை எதால அடிக்கறது? குழந்தையைப் பிடின்னு சொன்னேன், கண்ணாடி வந்தா விடுன்னு சொல்லாம போயிட்டேனே."

இவனுக்கு வலி கொன்றது. ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பு. "விட்டுடுன்னு நீ கத்தினது காதுல விழுந்துச்சுடா" என்றான். "ஆனா கை விடலை. பார்த்தேல்ல? என் கை விடலை."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இவன் கைப்புண்ணுக்குக் கண்ணாடிதான் காரணம். டாக்டர் இரண்டு கையையும் தைத்தார். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல் எல்லாம் அசையும் என்று அவர் சொன்னபோது நெட்டை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். கட்டுப் போட்டு முடித்துவிட்டு டாக்டர், "தையல் பிரிச்சு நல்லா ஆறுற வரைக்கும் இந்தக் கையால எதையும் தூக்கக் கூடாது, புரியுதா?" என்றார்.

"எதையுமா?"

"எதையும்தான். ஒரு தலையணைகூடத் தூக்கக் கூடாது."

சிரிப்பு அப்போதுதான் போனது.

வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். நெட்டை அவனைக் கதவுவரை கொண்டுவந்து விட்டான். மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, "சாயங்காலம் போன் பண்றேன்டா" என்று படி இறங்கினான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்த மனைவி, பஞ்சுப் பொதிபோல இருந்த இரண்டு கையையும் பார்த்தாள். உதடு வெளுத்துவிட்டது. "ஒண்ணும் இல்லை, விரல் எல்லாம் இருக்கு" என்றான். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்குமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினான். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தான், பட்டிச் சுருள், மஞ்சள் துண்டு, இன்று காலைவரை வந்து நின்றான்.

அவள் நின்றபடியே கேட்டாள். "அன்னிக்கு நர்ஸ் கை கீழ இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"குழந்தை விழலைல்ல?"

"விழலை. ஆனா என் விரல் திறந்துச்சு."

"அதுக்கா?" என்றாள். "அதுக்கா இத்தனை நாளும்?" குழந்தையோடு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "விட வேண்டியதைப் பிடிச்சுக்கிட்டு, பிடிக்க வேண்டியதை விட்டுட்டு வந்து நிக்கறீங்களே. உங்களை என்ன பண்றது நான்?" சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பட்டியை உருட்டித் தலை வைத்த கதையை நினைத்து நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு எந்த இடத்தில் அழுகை வந்தது என்று தெரியவில்லை. இவனுக்குக் குழந்தையைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தாளாம். ஆளைத் தப்பாகப் புரிந்துகொண்டு, குழந்தையிடம் அதற்காகத் தினமும் மன்னிப்பு வேறு கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கைச் சட்டையைத் தோள்வரைக்கும் சுருட்டிக் காட்டினாள். உள்பக்கமாக, மேலிருந்து கீழ்வரைக்கும் நீலமும் பச்சையுமாகக் கன்றிப் போயிருந்தது.

"இது என்ன? யாரு பண்ணது?" அவன் எழுந்தேவிட்டான்.

"நான்தான். கிள்ளிக்கறது." அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பால் கொடுக்கும்போது கண்ணு சொக்குது. சொக்கி அப்படியே இது மேல சாஞ்சு நசுக்கிட்டேன்னா? கண்ணு மூடும்போதெல்லாம் கிள்ளிக்குவேன். படுத்தாலும் தூக்கம் வரலை. நேத்து நீங்க வரும்போது கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிடந்தேன், தூங்கலை. உங்களுக்கு மட்டுந்தான் பயம்னு நினைச்சீங்களா?"

தன் பத்து விரலைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்ததில், பக்கத்தில் ஒருத்தி உடம்பைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்ததைப் பார்க்காமல் போய்விட்டான். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடிக்கக் கை இல்லை. குனிந்து கன்னத்தை அந்த நீலத்தின்மேல் வைத்துக்கொண்டான். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று நினைத்தான். அதில் சந்தேகமே வேண்டாம், முட்டாள்தான்.

"படுங்க" என்றாள்.

"என்ன?"

"பாயில மல்லாந்து படுங்கன்னு சொல்றேன்."

படுத்தான். அவள் அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும் பதறினான். "வேண்டாம், வேண்டாம். கையே இல்லையேம்மா, விழுந்துட்டா?"

"தரையில படுத்திருக்கறவர் மேலேருந்து எங்கங்க விழும்?" என்று சொல்லிக்கொண்டே, குழந்தையைக் குப்புற, தலையை ஒரு பக்கம் திருப்பி அவன் நெஞ்சில் வைத்தாள்.

பட்டிச் சுருளின் அதே எடைதான். ஆனால் பட்டிக்குச் சூடு கிடையாது, பட்டி நெஞ்சு முடியைப் பிடித்து இழுக்காது. குழந்தை முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது, ஒரு முறை முனகியது, காலைத் தவளைமாதிரி மடக்கிக்கொண்டது. பிறகு எச்சில் ஒழுகத் தூங்கிப்போனது. அவன் மூச்சு விடவே பயந்துகொண்டு கூரையைப் பார்த்தான். கட்டுப் போட்ட கை இரண்டும் இரு பக்கமும் சும்மா கிடந்தன. முழங்கை இரண்டும் மட்டும், யாரும் சொல்லாமலே, விலாவோடு வந்து ஒட்டி அணை கட்டியிருந்தன.

"முழிச்சிட்டே இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இருப்பேன்."

"தூங்கிட மாட்டீங்களே?"

"இந்த வலியில தூக்கம் எங்க வரும்? நீ படு. நான் பார்த்துக்கறேன்."

அவள் பக்கத்தில் சரிந்து படுத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் குறட்டை விட்டு அவன் கேட்டதில்லை. ஜன்னலில் வெயில் நகர்ந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்து உதைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கு அரித்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. தையல் விண் விண் என்று தெறித்தது. அவனுக்கு அதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

தெருவில் வண்டி திடீரென்று பிடித்துக்கொண்டு உறுமியது. நெஞ்சின்மேல் குழந்தை திடுக்கிட்டது. இரண்டு கையையும் விரித்து, முகத்தைச் சுளித்து, அழுவதற்கு வாயைத் திறந்தது. மனைவி தூக்கத்திலேயே புரண்டாள், அவள் விரல்கள் தன் கையைத் தேடிக் கிள்ளப் போயின. தட்டிக் கொடுக்க அவனிடம் கை இல்லை, எழுந்து ஆட்ட வழி இல்லை. அவனிடம் இருந்தது மூச்சு ஒன்றுதான். அதை ஆழமாக, நெஞ்சு நிறைய இழுத்தான். குழந்தை மேலே போனது. மெல்ல விட்டான், கீழே வந்தது. மறுபடி இழுத்தான். திறந்த வாய் அழாமல் யோசித்தது, கொட்டாவி விட்டது, மூடிக்கொண்டது. பக்கத்தில் மனைவியின் விரல்கள் கிள்ளாமலே தளர்ந்தன. அவள் எழுந்திருக்கும்வரை அவன் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.